தூக்கத்தில் கை மரத்துப்போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். முதுகுவலி, கழுத்துவலி என்று வருவார்கள். வைத்தியம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று, "அப்புறம் இன்னொண்ணுங்க, ராத்திரியில கை மரத்துப்போகுது" என்பார்கள். அந்த வாசல் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். மாத்திரை எழுதித் தருவது என் வேலை அல்ல. டாக்டரைப் பார்க்க வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

"கை மரத்துப்போனா ரத்த ஓட்டம் நின்னுபோச்சுன்னு அர்த்தமுங்களா?"

பெரும்பாலும் இல்லை. அமுங்குவது நரம்பு. கழுத்திலிருந்து விரல் நுனி வரை ஓடும் நரம்புகள் சில இடங்களில் தோலுக்கு வெகு அருகிலும், சில இடங்களில் எலும்புக்கும் நாருக்கும் நடுவே இறுக்கமாகவும் போகின்றன. அங்கே உடம்பின் பாரமோ மடங்கிய மூட்டோ நெடுநேரம் அழுத்தினால், நரம்புக்குள் இருக்கும் மயிரிழை ரத்தக் குழாய்கள் நசுங்கி, நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும். அந்த அளவுக்கு ரத்த ஓட்டம் என்பதும் பொய்யில்லை. ஆனால் கைக்கே ரத்தம் நின்றுவிட்டால் கை வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாத வலி எடுக்கும். அப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அழுத்தம் விலகியதும் சுருசுருவென்று எறும்பு ஊர்வது போல வருகிறதே, அது நரம்பு மறுபடி விழித்துக்கொண்டு தாறுமாறாகச் செய்தி அனுப்புவது. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

"எல்லாருக்கும் வர்றதுதானே, இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க?"

கையைத் தலைக்கடியில் வைத்துத் தூங்கி, எழுந்து, உதறி, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் போக வேண்டாம். வாரத்தில் பல நாள், அதே விரல்கள், வாரக்கணக்கில் தொடர்கிறதென்றால் காட்ட வேண்டும். பகலிலும் மரக்க ஆரம்பித்தால், டம்ளர் கை நழுவினால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால் தள்ளிப்போடவே கூடாது. மரத்துப்போவதை விட, கையில் பலம் குறைவதுதான் கவலைக்குரியது.

"எந்த விரல்னு கேக்கறீங்க. எனக்குக் கை முழுசுமே மரக்குதுங்களே?"

தூக்கக் கலக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். அடுத்த முறை விழிப்பு வரும்போது உதறுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பொறுங்கள். மறு கையால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுப் பாருங்கள், முதலில் சுண்டு விரலை. கை முழுதும் மரத்திருக்கிறது என்று சொன்ன பலர், சுண்டு விரலில் மட்டும் உணர்ச்சி நன்றாக இருப்பதை அப்போதுதான் கவனிப்பார்கள். தலைமாட்டில் ஒரு காகிதம் வைத்து, கையின் படம் வரைந்து, மரத்த இடத்தைக் கோடு போட்டு வையுங்கள். நான்கைந்து இரவுப் படம் கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் கட்டை விரல் பக்கத்துப் பாதி: இவை நடு நரம்பின் பகுதி, அது அமுங்குவது பெரும்பாலும் மணிக்கட்டில். சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் முழங்கையின் உள்பக்கமாக வரும் நரம்பின் பகுதி. புறங்கையில் கட்டை விரல் பக்கம் மரத்து, மணிக்கட்டை நிமிர்த்த முடியாவிட்டால் அது மூன்றாவது நரம்பு.

மோதிர விரல் ஒரு நல்ல சாட்சி. நூல் முனையால் அதன் இரண்டு பக்கத்தையும் மெல்ல வருடிப் பாருங்கள். ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மந்தமாக இருந்தால் கோளாறு கழுத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு. மணிக்கட்டிலோ முழங்கையிலோ தேட வேண்டும்.

"கட்டை விரல்ல இருந்து மூணு விரலும் மரத்து, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டுருது. உதறினாத்தான் அடங்குது. இது என்ன?"

நீங்கள் சொல்லும்போதே கையை உதறிக் காட்டினீர்கள். அதுவே ஓர் அறிகுறி. டாக்டர்கள் இதைக் கார்ப்பல் டனல் என்பார்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தில், அடியில் சிறு எலும்புகளும் மேலே தடித்த நாரும் சேர்ந்து ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதற்குள்தான் போக வேண்டும். உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் நசுங்குவது நரம்புதான், ஏனென்றால் அங்கே இருப்பதில் மிருதுவானது அது.

இரவில் ஏன் என்றால், தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டு உள்ளே மடங்கிக்கொள்கிறது. மடங்கினால் அந்த வழிக்குள் அழுத்தம் கூடும். பகலில் காலில் தங்கிய நீரும் படுத்த பிறகு உடம்பில் பரவி, கையிலும் கொஞ்சம் சேரும். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். தைராய்டு குறைவு, சர்க்கரை, முடக்குவாதம், உடல் பருமன், கர்ப்பம் இவையும் காரணமாகலாம். அதனால் இரண்டு கையிலும் வந்தால் தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொல்வார்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டுகளை மடக்கி ஒரு நிமிடம் வையுங்கள். ஜார்ஜ் பேலன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1950களில் பரவலாக்கிய சோதனை இது. அந்த நிமிடத்துக்குள் அதே விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கும். மரக்கவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது.

"மணிக்கட்டுப் பட்டை வாங்கலாம்னு போனா கடையில பத்து தினுசு காட்டறாங்க. எது?"

உள்ளங்கைப் பக்கம் உலோகப் பட்டியோ பிளாஸ்டிக் பட்டியோ வைத்தது. சும்மா இழுவைத் துணியாக இருப்பது மணிக்கட்டை மடங்க விடும், அது வேண்டாம். வாங்கியதும் அந்தப் பட்டியை உருவிப் பாருங்கள். பல பட்டைகளில் அது பின்பக்கமாக வளைந்து வரும். நமக்கு வேண்டியது மடங்காமலும் பின்னால் வளையாமலும் நேராக இருக்கும் மணிக்கட்டு. மேசையில் வைத்து அழுத்தி நிமிர்த்திவிட்டுத் திரும்பச் செருகுங்கள். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். ஒட்டும் நாடாவை இறுக்கினால் பட்டையே அழுத்தத் தொடங்கும். அடியில் ஒரு விரல் நுழையும் தளர்ச்சி போதும்.

இரவில் மட்டும் போதும். ஆறு வாரம் விடாமல் போட வேண்டும். இரண்டு நாள் போட்டுவிட்டு "கேக்கலைங்க" என்று கட்டிலுக்கடியில் எறிந்தவர்கள்தான் அதிகம். வாங்கும் முன் பலன் இருக்குமா என்று பார்க்க, ஆறு அங்குல ஸ்கேலை முன்கைக்கும் உள்ளங்கைக்குமாக வைத்து, மெல்லிய துண்டைத் தளர்வாகச் சுற்றி ஓரிரு இரவு தூங்கிப் பாருங்கள்.

"எனக்கு சுண்டு விரல்தான். பட்டை போட்டும் ஒண்ணும் ஆகல."

ஆகாது, கோளாறு மணிக்கட்டில் இல்லை. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் தோலுக்கடியிலேயே ஓடுகிறது. முழங்கையை மடக்கினால் அது இழுபட்டு, அதன் வழியும் குறுகும். கன்னத்தில் கை வைத்து ஒருக்களித்துத் தூங்குகிறவர்களுக்கும், படுத்தபடி ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே உறங்கிப்போகிறவர்களுக்கும் இது வரும்.

குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிப் படுங்கள். முழுக்க நிமிர்ந்து விறைப்பாக இருக்க வேண்டியதில்லை, நன்றாக மடங்காமல் இருந்தால் சரி. பகலில் மேசை விளிம்பிலும் பஸ் ஜன்னல் கட்டையிலும் முழங்கையை ஊன்றுவதை விடுங்கள். துண்டைப் பாதி இரவில் உதறிவிடுவீர்கள், முதல் வாரம் எல்லோரும் உதறுவார்கள். மறுபடி கட்டிக்கொள்ளுங்கள்.

"பைக் ஓட்டும்போதும் அதே சுண்டு விரல்தான் மரக்குது. அதுவும் முழங்கையா?"

அவசியம் இல்லை. அதே நரம்பு மணிக்கட்டின் சுண்டு விரல் பக்கத்திலும் ஒரு குறுகிய இடத்தைத் தாண்டுகிறது. கைப்பிடியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தி ஓட்டினால் அங்கே நசுங்கும். புறங்கையில் சுண்டு விரல் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கும் மரத்திருந்தால் முழங்கை, புறங்கை நன்றாக இருந்து விரல் மட்டும் மரத்தால் மணிக்கட்டு. புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுவதால் இந்த வித்தியாசம்.

"எப்படித்தான் படுக்கறது? தூங்கின பிறகு எனக்கென்ன தெரியும்?"

தெரியாதுதான். அதனால் உடம்புக்குப் புத்தி சொல்வதை விட, படுக்கையில் வழியை அடைப்பது மேல். குப்புறப் படுக்கிறவர்களுக்குக் கழுத்து ஒரு பக்கம் திரும்பி, கை தலைக்கு மேலே போய், மணிக்கட்டு மடங்கி, எல்லாத் தொல்லையும் சேர்ந்து வரும். முதலில் அதை மாற்றுங்கள். ஒருக்களித்துப் படுப்பதானால் நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணை போட்டு, மேல் கையை அதன் மேல் நீட்டி வையுங்கள். கீழ்க் கை உடம்புக்கடியில் சிக்காமல் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மரக்கும் கை மேலே இருக்கும்படி படுப்பது நல்லது. மல்லாந்து படுத்தால் கைகளைப் பக்கவாட்டில் வையுங்கள், தலைக்கு மேலே கோத்துக்கொள்ள வேண்டாம்.

குழந்தையைக் கைமேல் தூங்க வைக்கும் அம்மாக்கள், அது உறங்கியதும் கையை உருவிக்கொள்ளுங்கள். அழுதால் அழட்டும், மறுபடி தூங்கும்.

"தலையணையே இல்லாமப் படுத்தாச் சரியாகுமுன்னு எங்க மாமியார் சொல்றாங்க."

மல்லாந்து படுப்பவருக்கு மெல்லிய தலையணை, ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் அளவு. தலையணை இல்லாமல் ஒருக்களித்தால் கழுத்து தொங்கி, பாரம் தோளில் இறங்கும். மாமியார் மல்லாந்து படுப்பவராக இருக்கலாம்.

"எக்ஸ்ரேல கழுத்தெலும்பு தேய்மானம்னு வந்திருக்கு. அப்ப அதுதானே காரணம்?"

நாற்பது ஐம்பது தாண்டியவர்களில் எந்தத் தொந்தரவும் இல்லாதவரை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும். அந்தச் சீட்டை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. கழுத்து நரம்பு என்றால் பெரும்பாலும் கழுத்திலிருந்தோ தோள்பட்டையிலிருந்தோ வலி கைக்கு இறங்கும், கழுத்தை அண்ணாந்தாலோ அந்தப் பக்கம் சாய்த்தாலோ கூடும். மரத்த கையைத் தூக்கித் தலையில் வைத்தால் சிலருக்கு நிம்மதியாக இருக்கும். மணிக்கட்டுக் கோளாறில் கை தொங்கவிட்டு உதறினால்தான் நிம்மதி.

கட்டை விரல், ஆள்காட்டி விரலுக்குக் கழுத்திலிருந்தும் நரம்பு வருவதால் இரண்டும் குழம்பும். சிலருக்கு இரண்டுமே இருக்கும். மேலே சொன்ன விரல் படமும் மோதிர விரல் சோதனையும் இங்கேதான் உதவும்.

"பவர் டேபிள் டெய்லருங்க. ஒண்ணரை ஷிப்ட். வேலைய விட்டாத்தான் ஆகுமா?"

விடச் சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்கு அடுத்த வாரச் சம்பளம் இருக்கிறது. வேலையை விடாமல் செய்யக்கூடியவை உண்டு. மேசை விளிம்பில் உங்கள் மணிக்கட்டு எங்கே பதிகிறது என்று பாருங்கள். பத்து மணிக்குக் கையைத் தூக்கினால் அங்கே சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். வேஸ்ட் துணியை மடித்து அந்த விளிம்பில் ஒட்டுங்கள். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் மணிக்கட்டைப் பின்னால் வளைத்துத்தான் துணியைத் தள்ள முடியும், ஒரு பலகை போட்டு உயர்த்துங்கள். பண்டல் மாறும் இடைவெளியில் விரல்களை விரித்து மடக்கி, கையைத் தொங்கவிடுங்கள்.

நூல் வெட்டும் டிரிம்மரை நாள் முழுக்க அழுத்தும் செக்கிங் பெண்களுக்குக் கட்டை விரல் அடியில் வலியும் சேர்ந்து வரும். கத்தரி மழுங்கினால் இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். புதிது கேட்டு வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"ஏழாம் மாசம். ரெண்டு கையும் மரக்குது. குழந்தைக்கு ஏதாச்சுமா?"

குழந்தைக்கு ஒன்றுமில்லை. உடம்பில் நீர் கூடுவதால் மணிக்கட்டு வழி குறுகுகிறது. மேலே சொன்ன பட்டையை இரவில் போடலாம். பிரசவமாகிச் சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். பால் கொடுக்கும்போது குழந்தையின் தலையை மடக்கிய மணிக்கட்டால் தாங்காமல், மடியில் தலையணை போட்டு அதன்மேல் வையுங்கள். முகமும் கையும் திடீரென வீங்கி, தலைவலி, கண் மங்கல் இருந்தால் அது வேறு விஷயம். அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும்.

"சுகர் இருக்கறதால கை மரக்குதுன்னு சொல்லிட்டாங்க. அப்ப விட்டுடலாமா?"

சர்க்கரையால் நரம்பு கெடும்போது முதலில் மரப்பது பாதம். அது காலில் ஏறிய பிறகுதான் பெரும்பாலும் விரல் நுனிகளுக்கு வரும், இரண்டு கையிலும் ஒன்றாக வரும். காலில் ஒன்றுமில்லாமல் ஒரு கையில் மூன்று விரல் மட்டும் மரத்தால், சர்க்கரை இருந்தாலும் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கார்ப்பல் டனலும் அதிகம். மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

"நரம்புச் சத்து ஊசி நாலு போட்டாச் சரியாகுமாமே?"

பி12 குறைந்திருந்தால் அந்த ஊசி அருமையான மருந்து. முட்டை, மீன், கறி தொடாதவர்களுக்கும், பால் தயிர் குறைவாகச் சேர்ப்பவர்களுக்கும் குறைய வாய்ப்புண்டு. ஆனால் மணிக்கட்டில் நசுங்கும் நரம்புக்குச் சத்து ஊற்றி என்ன பயன்? ரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் போடுங்கள். மெடிக்கலில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதில் இன்னொரு ஆபத்து உண்டு. பி6 வைட்டமின் அதிக அளவில் நெடுநாள் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரக்க வைக்கும்.

"எண்ணெய் தேய்ச்சு ஒத்தடம் குடுக்கலாமா? சுளுக்கு எடுக்கறவர்கிட்டக் கழுத்தைத் திருப்பிக்கலாமா?"

எண்ணெய் தேய்ப்பதில் தீங்கில்லை. வெந்நீர் ஒத்தடத்தில் கவனம்: மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. சர்க்கரை உள்ளவர்களின் விரல் நுனியில் ஒத்தடத்தால் கொப்புளம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சூட்டை மரக்காத கையாலோ வீட்டில் இன்னொருவர் கையாலோ சோதியுங்கள்.

கழுத்தைச் சடக்கென்று திருப்ப விடவே விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்பு வழியாகப் போகின்றன. அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

"இடது கை மரத்தா ஹார்ட் அட்டாக்குங்களா?"

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் உடனே 108. ஒரு பக்கக் கை திடீரென மரத்து அல்லது பலமிழந்து, வாய் கோணி, பேச்சு குழறினாலும் அப்படியே. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கணக்கு. தூக்கத்தில் வந்திருந்தால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள். வேறு எதுவும் இல்லாமல் இடது கை மட்டும் அடிக்கடி மரத்து, உதறினால் போகிறதென்றால் முந்தைய பதில்களுக்குத் திரும்புங்கள்.

"காலையில எந்திரிச்சா மணிக்கட்டு தொங்குது, தூக்க முடியல. பக்கவாதம்னு வீட்ல அழுவறாங்க."

பக்கவாதமா என்று முதலில் பார்க்கத்தான் வேண்டும், அன்றைக்கே. முகம், பேச்சு, கால் எல்லாம் சரியாக இருந்து, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துவது மட்டும் முடியாமல், புறங்கையில் கட்டை விரல் பக்கம் மரத்திருந்தால் மேல்கை எலும்பைச் சுற்றி வரும் நரம்பு அமுங்கியிருக்கும். குடித்துவிட்டு நாற்காலிச் சாய்மானத்தில் கையைத் தொங்கவிட்டு உறங்கியவர்களுக்கும், அசதியில் கையை உடம்புக்கடியில் போட்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கியவர்களுக்கும் வருவது. அசௌகரியத்தில் புரண்டு படுக்க வைக்கும் உணர்வு அன்றிரவு வேலை செய்திருக்காது. பெரும்பாலும் சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் சரியாகும். அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் பட்டையும் விரல் பயிற்சியும் வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

"கையில தேமல் மாதிரி ஒரு இடம். அங்க மட்டும் கிள்ளினாத் தெரியல."

தூங்கும் நிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளிறிய, உணர்ச்சி இல்லாத தேமலும் சுண்டு விரல் மரப்பும் சேர்ந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் கூட்டு மருந்தும் இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் மருந்து எடுத்தால் முழுதாகக் குணமாகும். ஊருக்குப் பயந்து மறைத்தால் விரல் மடங்கிப்போகும்.

"நரம்பு டெஸ்ட்டுல நார்மல்னு வந்துச்சு. அப்ப எனக்கு மனப்பிரமையா?"

இல்லை. நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் அந்தச் சோதனை, ஆரம்ப நிலையில் சரியாகவே வரலாம். இரவில் மட்டும் அமுங்கும் நரம்பு பகல் பதினோரு மணிக்கு லேபில் நன்றாகத்தான் இருக்கும். பட்டையைப் போட்டுப் பாருங்கள். அதில் குறைந்தால் அதுவே ஒரு விடை.

"மூணு வருஷமாத் தூங்க விடாம இருந்துச்சு. இப்பத் தானாவே வலி போயிருச்சு. ஆனா ஊசில நூல் கோக்க முடியல. வயசாயிருச்சில்லைங்க?"

வயதில் போட வேண்டாம். வலி போவதும் விரல் வேலை குறைவதும் ஒன்றாக நடந்தால், நரம்பு குணமாகவில்லை, வலியைச் சொல்லும் சக்தியையே இழந்திருக்கலாம். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டை விரலின் அடிமேட்டைப் பாருங்கள். ஒன்று உப்பலாகவும் மற்றது குழி விழுந்தும் இருந்தால் தசை கரைகிறது. இந்த நிலையில் பட்டையும் பயிற்சியும் போதாது. நான் சிகிச்சை ஆரம்பிக்காமல் எலும்பு மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ அனுப்பிவிடுவேன்.

ஆபரேஷன் என்றதும் பதற வேண்டாம். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, மேலே மூடியிருக்கும் நாரை வெட்டி விடுவார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். இரவுத் தொல்லை சீக்கிரமே போகும். கெட்டுப்போன நரம்பிழைகள் திரும்ப வளர்வது நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஊசியில் நூல் கோக்க அரை வருடமாவது ஆகும். குழி விழுந்த தசை முழுதாகத் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, அதனால் இந்த வாரமே போங்கள்.